முகத்துக்கு இரண்டு சாட்சிகள்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. யோக்யகார்த்தாவில் பிறந்து வளர்ந்த எவரிடமாவது "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். எழுபது வயதுப் பிரம்மச்சாரியாக இருந்தாலும் "இன்னும் இல்லை" என்றுதான் சொல்வார். ரயில் போய்விட்டதா, சோறு வெந்துவிட்டதா, பிள்ளைக்கு வேலை கிடைத்ததா, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். கேட்டவர் மனம் நோகக் கூடாது என்று எங்கள் முன்னோர்கள் கண்டுபிடித்த நல்ல பழக்கம் அது. அரசாங்கத்தார் அந்தப் பழக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கவுண்டருக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

என் பெயர் பரியோனோ. கராங்மெலாத்தி மக்கள் நல நிலையத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருஷம் ஆகிறது. நிலையத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்ப்பார்கள். மீதிப்பேர் டாக்டரைப் பார்க்காமலே என்னைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இந்த வட்டாரத்தில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம் என்று எனக்குத் தெரியாது. அடையாள அட்டைப் படத்தில் யார் யார் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

யோசினா பெலுபெஸி என் கடைக்கு முதலில் வந்தது ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை. எங்கள் நாட்டின் கிழக்குக் கோடியில் மலுக்கு என்கிற தீவுக் கூட்டம், அதில் சபாருவா தீவுக்காரி. சுருட்டை முடி, உயரமான பெண். கப்பலில் நாலு நாள், ரயிலில் ஒரு பகல் என்று வந்து எங்கள் ஊரில் நில அளவைப் படிப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இடது கன்னம் மட்டும் அவளுக்கு முன்னால் கடைக்குள் நுழைந்தது. அப்படி ஒரு வீக்கம்.

"மாமா, இதுல ரெண்டு காப்பி போடுங்க" என்றாள் பல்லைக் கடித்தபடி. கடைவாய்ப் பல் சீழ் பிடித்திருந்தது. வாயைத் திறந்தாலே கிராம்பு வாசனை அடித்தது. அவர்கள் தீவில் கிராம்பு மரம்தான் எல்லாம். பல்வலி வந்தால் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வார்கள். இவள் ஒரு பொட்டலத்தையே அடக்கியிருந்தாள்.

அவளுடைய நலக்காப்பு அட்டையில் சபாருவா மருத்துவமனையின் பெயர் இருந்ததாம். அங்கேதான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று ஒன்றாம் கவுண்டரில் சொல்லியிருக்கிறார்கள். "போக வர எட்டு நாள் கப்பல் ஆகுமே" என்றதற்கு, "கடல் காத்து உடம்புக்கு நல்லது" என்று அன்பாகச் சொன்னார்களாம்.

"இங்க மாத்திக்க முடியாதான்னு கேட்டேன் மாமா. 'இன்னும் முடியாது'ன்னாங்க. 'எப்ப முடியும்'னேன். இந்த ஊர்லதான் இருக்கேன்னு வட்டாரத் தலைவர் கடுதாசி குடுத்தா முடியுமாம். அதை முதல்லயே சொன்னா வாயா வலிச்சிடும்? எனக்குத்தான வாய் வலிக்குது!"

அவர்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது. எங்கள் ஊரில் இந்தக் குரலில் பேசினால் தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். வரிசையில் நின்ற இரண்டு பேர் வெளியே எட்டிப் பார்த்தார்கள்.

வட்டாரத் தலைவரின் கடுதாசி வந்தது. அதற்கு மூன்று ஜெராக்ஸ். நிலையம் மாற்றும் படிவம், அதற்கு இரண்டு. அன்று சாயங்காலமே அவளுடைய அட்டை கராங்மெலாத்திக்கு மாறிவிட்டது. நல்லதும் நடந்தது என்று சொல்லிவிட வேண்டும் அல்லவா, சொல்லிவிட்டேன்.

அவளுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை அவர்கள் வகுப்பு மலைக்குக் கள அளவைப் பயிற்சிக்குப் போகிறது. மூன்று வாரம் கூடாரத்தில் தங்க வேண்டும். போகாதவர்களுக்கு ஒரு வருஷம் வீண். அவளுக்கு அவர்கள் மாவட்டம் உதவித்தொகை கொடுக்கிறது, ஒரு வருஷம் வீணானால் அது நின்றுவிடும். நின்றால் மறுபடி கப்பல்தான். இந்தப் பல்லோடு மலைக்குப் போக முடியாது. தனியாரிடம் பிடுங்கக் கையில் காசு கிடையாது.

"பத்தொம்போது நாள் இருக்குல்ல, நம்ம நிலையத்துக்கு அது தாராளம்" என்று நான்தான் தைரியம் சொன்னேன். என் தைரியத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அவளை இரண்டாம் கவுண்டரில் இபு ஸுலாஸ்திரிக்கு முன்னால் நிறுத்தினார்கள். பெண்களை 'இபு' என்றும் ஆண்களை 'பாக்' என்றும் மரியாதையாகக் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். இபு ஸுலாஸ்திரி தங்கமான மனுஷி. பேச ஆரம்பிக்கும் முன்பே மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள். அவளுக்குப் பக்கத்தில் போன வருஷம் ஒரு முகம் பார்க்கும் மெஷினை வைத்திருந்தார்கள். நோயாளி அதன் முன்னால் நின்றால், அடையாள அட்டையில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பச்சை விளக்கு எரிந்தால் டாக்டர். சிவப்பு எரிந்தால் என் கடை.

யோசினாவுக்குச் சிவப்பு எரிந்தது. அட்டைப் படத்தில் அவளுக்குப் பதினேழு வயது, கன்னம் ஒட்டிப்போன முகம்.

"முன்கூட்டியே மன்னிச்சுக்கங்க தங்கச்சி" என்றாள் இபு ஸுலாஸ்திரி. "மெஷினுக்கு நீங்க யாருன்னு இன்னும் தெரியல."

"கன்னம் வீங்கியிருக்குல்ல, அதான். அதைக் காட்டத்தான இபு வந்திருக்கேன்!"

"புரியுது தங்கச்சி, புரியுது. வீக்கம் வத்தினதும் வாங்க. உடனே சரிபார்த்து உள்ள அனுப்பிடுவோம். அப்புறம் டாக்டர் உங்க வீக்கத்தை நல்லா கவனிச்சுப் பாப்பாங்க."

அவள் அதை என் கடையில் வந்து சொன்னபோது நான் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு அதில் சிரிப்பு வராது. அதுவும் ஒரு நியாயமாகத்தான் பட்டது.

புதன்கிழமை நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. மலைக்குப் போகிற மாணவர்கள் உடல்நலச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று கல்லூரியில் உத்தரவு. எங்கள் நாட்டில் வேலைக்குச் சேர, ஓட்டுநர் உரிமம் வாங்க, எதற்கும் இந்தச் சான்றிதழ் வேண்டும். அதைக் கொடுப்பது இதே நிலையத்தின் ஏழாம் கவுண்டர். அங்கே முகம் பார்க்கும் மெஷின் கிடையாது. அவளை எடை பார்த்தார்கள், உயரம் அளந்தார்கள், வண்ணப் புள்ளிகளில் ஒளிந்திருந்த எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். அவள் சரியாகப் படித்தாள். டாக்டர் கையெழுத்துப் போட்டார். மொத்தம் ஐந்து நிமிஷம்.

"கன்னத்தை யாரும் பாக்கலயா?" என்றேன்.

"நானே காட்டினேன் மாமா. 'இந்தப் படிவத்துல வாய்க்கு இடம் இல்ல தங்கச்சி'ன்னாங்க."

சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். 'யோசினா பெலுபெஸி, பெண், 19, பூரண ஆரோக்கியம். ஆறு மாதம் செல்லும்.' அதைக் கையில் பிடித்திருந்தவளின் கன்னம் மங்குஸ்தான் பழம் போல ஒரு பக்கம் கன்றிச் சிவந்து கிடந்தது. நான் மூன்று காப்பி போட்டேன்.

அதோடு போகவில்லை. அன்று மத்தியானம் அவள் மறுபடி இரண்டாம் கவுண்டருக்குப் போயிருக்கிறாள். கம்ப்யூட்டரில் இப்போது அவள் பெயருக்கு நேரே 'ஆரோக்கியம்' என்று வந்துவிட்டது.

"முன்கூட்டியே மன்னிச்சுக்கங்க தங்கச்சி. இதுல நம்ம டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஆறு மாசத்துக்கு உங்களுக்கு உடம்பு சரியாத்தான் இருக்கும். நாங்க எங்க டாக்டரை மதிக்கலன்னா வெளியாளுங்க எப்படி மதிப்பாங்க?"

யோசினா சத்தம் போட்டாளாம். எங்கள் நிலையத்தில் சத்தம் கேட்டு நாளாயிற்று. கட்டடம் இடிகிறதோ என்று நிலையத் தலைவர் டாக்டர் ஹர்யாதியே மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். நல்ல மனுஷர், பத்திக் சாயம் போட்ட சட்டை கசங்காமல் நடப்பார். அவளை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார். சுடச்சுட இனிப்புத் தேநீர், அந்தப் பல்லுக்கு!

வியாழக்கிழமை என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள். டாக்டர் ஹர்யாதி வழி கண்டுபிடித்துவிட்டார். 'முக உறுதிமொழிப் பத்திரம்.' இந்த முகம் இந்தப் பெண்ணுடையதுதான் என்று அந்த வட்டாரத்தில் குடியிருக்கும் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால், மெஷினில் புதுப் படம் ஏற்றிவிடலாம்; பச்சை எரிந்துவிட்டால் ஆரோக்கியச் சான்றிதழை யாரும் குறுக்கே கொண்டுவர மாட்டார்கள். ஒருத்தர் அவளுடைய வாடகை அறைச் சொந்தக்காரி இபு புர்வாந்தி. இன்னொருத்தன் நான்.

மாடி அறையில் உட்கார வைத்து முதலில் எங்களுக்கு விளக்கவுரை ஆற்றினார்.

"நிறையப் பேர் இந்த மெஷினைக் குறை சொல்றாங்க. சொல்லட்டும். நான் கணக்கைப் பேச விடறேன். மெஷின் வந்த ஒரே வருஷத்துல நம்ம நிலையத்துல நோயாளிங்க முப்பது சதவீதம் குறைஞ்சிருக்காங்க. முப்பது சதவீதம்! எந்த மருந்தால இது முடியும், சொல்லுங்க பாப்போம்? மருந்து குடுத்தா ஒருத்தருக்குத்தான் குணமாகும். இதை வாசல்ல வெச்சோம், ஒரு வட்டாரமே குணமாயிடுச்சு. வர்ற திங்கக்கிழமை தரமதிப்பீட்டுக் குழு வருது. நமக்கு 'முழுமை' விருது கிடைக்கும்னு தலைநகர்லயே பேசிக்கிறாங்க. அந்த நேரத்துல ஒரு பொண்ணு அழுதுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? அதனாலதான் மனிதாபிமானத்தோட இந்த ஏற்பாடு."

இபு புர்வாந்தி தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். பிறகு அவர் யோசினாவைக் காட்டி, "இந்த முகம் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் டாக்டர். ஒரு மாசமா எங்க வீட்லதான் இருக்கு" என்றாள் இபு புர்வாந்தி. "ஆனா வந்தப்ப கன்னம் இப்படி இல்ல. ஒல்லியா இருந்துச்சு."

டாக்டர் பேனாவை நிறுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "பாக் பரியோனோ, நீங்க?"

நான் உண்மையைச் சொன்னேன். எனக்கு அந்தப் பெண்ணைத் திங்கட்கிழமையிலிருந்துதான் தெரியும். கன்னம் வீங்காமல் நான் அவளைப் பார்த்ததே இல்லை. "எனக்குத் தெரிஞ்ச முகம் இதுதான் டாக்டர்" என்றேன்.

"சாட்சிங்க ரெண்டு பேரும் ஒரே முகத்தைச் சொல்லணுமே..." என்று இழுத்தார் அவர்.

இபு புர்வாந்தி என்னைப் பார்த்தாள். பொதுவிடத்தில் என்னைப் போல வயசான ஒரு மனுஷன் சொன்னதை மறுத்தால் அவன் முகம் கெட்டுவிடுமே என்று அவளுக்குச் சங்கடம். எங்கள் ஊர்ச் சங்கடம் அது. எங்கள் ஊரில்தான் அதற்காக ஒரு பெண்ணின் முகத்தையே மாற்றிக் கொடுப்பார்கள்.

"பாக் பரியோனோ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். "எனக்கும் இதுதான் தெரிஞ்ச முகம்."

"அய்யோ இபு!" என்று யோசினா எழுந்தாள். "நான் இப்படி இல்ல! நான் வந்த அன்னிக்கு என் மூஞ்சியைப் பாத்தது நீங்கதான..."

"உக்காருங்க தங்கச்சி, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்றார் டாக்டர். ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டோம். வீங்கிய கன்னத்தோடு படம் எடுத்தார்கள். பத்திரத்துக்கு நாலு காப்பி வேண்டும் என்றார்கள், நானே எடுத்துக் கொடுத்தேன். எல்லோருக்கும் திருப்தி. அவளும் கடைசியில் சமாதானமாகி, "டாக்டர் பாத்தா சரி மாமா, எந்த மூஞ்சியா இருந்தா என்ன" என்றாள். புதுப்படம் மெஷினில் ஏறத் திங்கட்கிழமை ஆகும் என்றார்கள்.

திங்கட்கிழமை நானும் போனேன். சாட்சிக்கு ஆர்வம் இருக்காதா? நிலையத்தை வாழை மரம் கட்டி அலங்கரித்திருந்தார்கள். தரமதிப்பீட்டுக் குழுவிலிருந்து மூன்று பேர், ஒரே நிறத்தில் கோட்டு. நோயாளிகளில் பார்க்க லட்சணமானவர்களை முன் வரிசையில் உட்கார வைத்து, இருமுகிறவர்களைத் தோட்டத்துப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். யோசினாவின் கையில் மூன்றாம் எண் டோக்கன். கன்னம் போன வாரத்தைவிடப் பெரிதாகியிருந்தது. வாய் ஒரு விரற்கடைக்கு மேல் திறக்கவில்லை. கண்டிப்பாகப் பச்சை எரியும் என்று எனக்கு நம்பிக்கை.

வைத்தியம் தொடங்கும் முன்பு நிலையத்தின் அணிவகுப்புப் பாட்டைப் பாட வேண்டும் என்று டாக்டர் ஹர்யாதி அறிவித்தார். எங்கள் நாட்டில் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு பாட்டு உண்டு. குடிநீர் வாரியத்துக்கு உண்டு, சுங்க இலாகாவுக்கு உண்டு. எல்லோரும் எழுந்து நின்றோம், ஊன்றுகோல் வைத்திருந்தவர்கள் உட்பட.

"கராங்மெலாத்தி, ஆரோக்கிய வாசல்!
புன்னகையோடு வா, புன்னகையோடு போ!"

யோசினா முதலில் சும்மா நின்றாள். மலுக்குக்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்: பக்கத்தில் நாலு பேர் பாடும்போது அவர்களால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. சின்ன வயதிலிருந்து தேவாலயத்தில் பாடி வளர்ந்தவள் வேறு. இரண்டாம் அடியில் முணுமுணுத்தாள். மூன்றாம் அடியில் சுருதி பிசகுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் 'போ' என்று மேலே ஏறுகிற இடத்தில், பல்வலியை மறந்து, ஊரில் பாடுகிற மாதிரி வாயை அகலத் திறந்துவிட்டாள்.

கட்டி உடைந்தது.

அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். வலி போகிற சுகத்தில் வந்த கண்ணீர் என்று பிறகு சொன்னாள். குழுவில் இருந்த பெரியவர் குனிந்து, "என்னம்மா, சேவையெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவளால் பேச முடியவில்லை.

"பாட்டுன்னா இவங்களுக்கு உணர்ச்சிவசப்பட்டுடும்" என்றார் டாக்டர் ஹர்யாதி. பெரியவர் அதை எழுதிக்கொண்டார்.

அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து மெஷின் முன்னால் வந்து நின்றபோது கன்னம் பாதிக்கு மேல் வற்றியிருந்தது. அன்றுதான் நானும் அவளுடைய சொந்த முகத்தை முதல் தடவை பார்த்தேன். நல்ல முகம்.

சிவப்பு எரிந்தது.

"முன்கூட்டியே மன்னிச்சுக்கங்க தங்கச்சி" என்றாள் இபு ஸுலாஸ்திரி, நிஜமான வருத்தத்தோடு. "படத்துல கன்னம் பெருசா இருக்கு. உங்களுக்கு இல்ல."

"இதுதான் இபு என் மூஞ்சி! இதோ, அட்டையில இருக்கிற பழைய படத்தைப் பாருங்க!"

"பழைய படத்தை நீக்கியாச்சு தங்கச்சி. ரெண்டு சாட்சி கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஒருத்தர் இங்கயே நிக்கறாரு."

நான் தரையைப் பார்த்தேன்.

"மறுபடி பத்திரம் எழுதிக் குடுக்கறோம்" என்றாள் யோசினா.

"ஒரு ஆளு வருஷத்துக்கு ஒரு தடவைதான் மூஞ்சியை மாத்தலாம்."

மூன்று மீட்டர் தூரத்தில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பல் டாக்டர் ரத்ரி சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயசு டாக்டர், இந்தச் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். "எனக்குப் பிடுங்கிவிட ஆசைதான்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஆனா பச்சை எரிஞ்சு பேர் திறக்காம பிடுங்கினா, கம்ப்யூட்டர்ல ஆள் இல்லாம பல்லு மட்டும் இருக்கும். தணிக்கைக்காரங்க வந்து இது யாரோட பல்லுன்னு கேட்டா, நான் என் வாயைத்தான் திறந்து காட்டணும்."

அடுத்த மூன்று நாளும் யோசினாவுக்கு வலி இல்லை. ஆனால் பல் அங்கேயேதான் இருந்தது, வேரில் சீழோடு. கட்டி மறுபடி கட்டும் என்று டாக்டர் ரத்ரி எச்சரித்திருந்தாள். மலையில் கட்டினால் கதி என்ன? அவள் தினமும் வகுப்புக்குப் போகும் வழியில் என் கடைக் கண்ணாடியில் கன்னத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். வீங்கவில்லையே என்று கவலை. ஒரு வயசுப் பெண் கண்ணாடியில் பார்த்துப் படுகிற கவலையா அது?

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தேன். தெருமுனையிலிருந்து ஓடி வந்தாள்.

"மாமா! மாமா! வீங்கிடுச்சு!"

இடது கன்னம் பழையபடி உப்பியிருந்தது. வலியில் கண் கலங்கியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்! நல்லா இருக்கும்மா, அப்படியே இருக்கு, தொட்டு அழுத்திடாத!" என்று கத்தினேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு அவளோடு சாலையைக் கடந்தேன்.

பச்சை எரிந்தது. "யோசினா பெலுபெஸி, வருக" என்று மெஷின் பேசியது. இபு ஸுலாஸ்திரி கை தட்டினாள். வரிசையில் நின்றவர்களும் தட்டினார்கள்.

கண்ணாடிக் கதவு திறந்து மூடி, பத்து நிமிஷத்தில் மறுபடி திறந்தது. யோசினா கையில் ஒரு மாத்திரைப் பொட்டலத்தோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் டாக்டர் ரத்ரி, தலையைக் குனிந்துகொண்டு.

"வீக்கம் இருக்கறப்ப பிடுங்கக் கூடாது" என்றாள் டாக்டர். "இது எங்க விதி இல்ல பாக், வைத்தியமே அப்படித்தான். சீழ் இருந்தா ஊசி போட்டாலும் மரத்துப்போகாது, விஷம் ரத்தத்துல ஏறிடும். அஞ்சு நாள் மாத்திரை சாப்பிடணும். வீக்கம் நல்லா வத்தினதும் வரணும். வந்தா அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவேன்."

வீங்கினால் மெஷின் உள்ளே விடும், டாக்டர் பிடுங்க மாட்டாள். வற்றினால் டாக்டர் பிடுங்குவாள், மெஷின் உள்ளே விடாது. இபு ஸுலாஸ்திரிகூட மன்னிப்புக் கேட்க மறந்துவிட்டாள்.

யோசினா என் கடைக்கு வந்து பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போடாமல், எங்கள் ஊர்க்காரர்கள் அழுகிற மாதிரி அழுதாள். ஒரு மாதத்தில் அவளுக்கும் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

"எங்கம்மாகிட்ட என்ன மாமா சொல்றது? நான் ஃபெயிலாகித் திரும்பி வந்தா பரவால்ல, படிப்பு வரலன்னு நினைச்சுக்கலாம். மூஞ்சி சரியில்லன்னு திரும்பி வந்தேன்னு எப்படிச் சொல்வேன்?"

எனக்கு லேசில் கோபம் வராது. என் மனைவி அதையே ஒரு குறையாகச் சொல்வாள். அன்று வந்தது. டாக்டர் ஹர்யாதி மேல் வந்தது, மெஷின் மேல் வந்தது, அதிகமாக என் மேல்தான் வந்தது. 'எனக்குத் தெரிஞ்ச முகம் இதுதான்' என்று வாய் திறந்தவன் நான் அல்லவா? ஒரு மனுஷியின் முகத்தைப் பற்றிச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால், முழுசாகத் தெரியாது என்று சொல்ல எனக்கு ஏன் வரவில்லை?

மாத்திரை வேலை செய்தது. இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை கன்னம் துடைத்துவிட்ட மாதிரி வற்றிவிட்டது. பஸ் புறப்பட இரண்டு நாள். நான் என் ஜெராக்ஸ் மெஷினைக் கிளறினேன். முக உறுதிமொழிப் பத்திரத்துக்கு நாலு காப்பி கேட்டார்கள் என்றேனே, அன்று அதில் ஒட்டியிருந்த படத்தை என் மெஷினிலும் ஏற்றி வைத்திருந்தேன். ஜெராக்ஸ்காரன் எதையும் அழிக்க மாட்டான். அந்த வீங்கிய முகத்தை, அசல் முகத்தின் அளவுக்குப் பெரிதாக்கி, கலரில், கெட்டித் தாளில் ஒன்று எடுத்தேன். அருமையாக வந்தது. கன்னத்தின் சிவப்புகூட அப்படியே.

"இதை மூஞ்சிக்கு முன்னால பிடிச்சுக்க" என்றேன்.

"மாமா, பிடிச்சு ஜெயில்ல போட்டுடுவாங்க."

"போடணும்னாலும் யாரைன்னு மெஷின் பச்சை காட்டணும்மா. வா."

யோசினா மெஷின் முன்னால் போய் நின்று தாளைத் தூக்கிப் பிடித்தாள். இபு ஸுலாஸ்திரி பார்த்தாள். தாளைப் பார்த்தாள், தாளுக்கு மேலே தெரிந்த சுருட்டை முடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்து நிதானமாக ஒரு பக்கத்தைப் படித்தாள்.

"முகத்தை மெஷினுக்கு நேரா காட்டணும்னுதான் போட்டிருக்கு" என்றாள். "அது உடம்போட ஒட்டியிருக்கணும்னு இன்னும் போடல."

குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் இடது பக்கம் சாய்ச்சுப் பிடிங்க தங்கச்சி, பளபளன்னு வெளிச்சம் அடிக்குது" என்றாள்.

பச்சை எரிந்தது. "யோசினா பெலுபெஸி, வருக."

டாக்டர் ரத்ரி சொன்னபடி ஐந்து நிமிஷத்தில் பல்லை எடுத்துவிட்டாள். கோப்புக்காக ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் அந்தத் தாளை நாற்காலியில் சாய்த்து வைத்தார்களாம், யோசினாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு.

வெளியே வந்தபோது வாயில் பஞ்சு. வாசலில் கருத்துக் கேட்கிற பொத்தான்கள் மூன்று உண்டு. பெரிய சிரிப்பு, நடுத்தரச் சிரிப்பு, சின்னச் சிரிப்பு. வேறு மூஞ்சி கிடையாது. இபு ஸுலாஸ்திரி எழுந்து வந்து, "திருப்திதானே தங்கச்சி?" என்று ஆசையாகக் கேட்டாள்.

யோசினா அவளை நிதானமாகப் பார்த்தாள். தலையை லேசாகத் தாழ்த்தி, எங்கள் ஊர்ப் புன்னகை ஒன்றைப் பஞ்சோடு சேர்த்துப் புன்னகைத்தாள்.

"இன்னும் இல்ல, இபு."

சனிக்கிழமை பஸ் ஏறினாள். ஆறு மாதம் செல்லும் ஆரோக்கியச் சான்றிதழும், அதைப் பொய்யாக்காத ஒரு வாயும் அவளிடம் இருந்தன. மூன்று வாரம் கழித்து, வெயிலில் கறுத்து, முதுகில் மூட்டையோடு நேராக என் கடைக்குத்தான் வந்தாள். தேர்ச்சி பெற்றுவிட்டாள். சிரித்தபோது இடது பக்கம் கடைவாயில் ஓர் இடைவெளி தெரிந்தது.

கடையில் நிற்க இடமில்லை. தெருவரை வரிசை. ஆளுக்கொரு படத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மூக்கு உடைந்தவர், முகவாதம் வந்தவர், பேறு காலத்தில் முகம் பூரித்துப்போன பெண், கீமோ எடுத்து முடி கொட்டிப்போன ஒரு வாத்தியார். எல்லோருக்கும் பழைய முகம் கலரில் வேண்டும்.

"இது எப்படி எல்லாருக்கும் தெரிஞ்சது மாமா?"

நான் எதிரே கையைக் காட்டினேன். நிலையத்து வாசலில், 'முழுமை' விருதுப் பலகைக்குக் கீழே, டாக்டர் ஹர்யாதியின் கையெழுத்தோடு ஒரு புது அறிவிப்பு தொங்கியது. அவள் சாலையைக் கடந்து போய் நின்று வாய்விட்டுப் படித்தாள். எனக்கு இங்கே கேட்டது.

"மக்களின் வசதிக்காக. சிகிச்சை பெற வருவோர் தங்கள் முகத்தின் வண்ண நகல் இரண்டு எடுத்து வரவும். அசல் தேவையில்லை."

திரும்பி வந்தாள். கொஞ்ச நேரம் அந்த வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலைமுடியோடு இருந்த தன் படம் மெஷினிலிருந்து வருவதற்காகக் காத்திருந்தார்.

"அப்ப அசல் எங்க மாமா போகணும்?" என்றாள்.

"கொஞ்சம் நகர்ந்து நில்லும்மா" என்றேன். அடுத்த ஆள் தன் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.